வரிக்கு வரி பிள்ளையார் சுழி

ஒன்பது வருடம் நான் ஒரு பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சாந்தோமில் எங்கள் கோயிலின் பாடகர் குழுவில், பெண்கள் வரிசையில் இரண்டாவது இடம் எனக்கு. முதல் இடம் அம்மாவுக்கு. பத்து வயதில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். விரலை வரிமேல் வைத்து நகர்த்திக்கொண்டே போ, மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பும்போது நீயும் திருப்பு. புத்தகத்தில் லத்தீன் வார்த்தைகளுக்கு மேலே ஐந்து ஐந்தாகக் கோடுகள் ஓடும். கோடுகளின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். அவற்றை எங்களில் யாரும் படித்ததில்லை. ஆர்மோனியக்காரர் ஒருமுறை வாசித்துக் காட்டுவார், நாங்கள் காதால் பிடித்துக்கொள்வோம். வார்த்தைகளும் மனப்பாடமான பிறகு புத்தகம் வெறும் மரியாதைக்குத்தான்.

கீழே முழந்தாளிட்டிருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கண்ணுக்கு நாங்கள் கோடும் புள்ளியும் படிக்கத் தெரிந்த பெண்கள். அந்தப் பெயரை நானும் மறுத்ததில்லை. பெருமை யாருக்குத்தான் கசக்கும்?

அந்தப் பெருமை என் கழுத்துக்குக் கயிறாக வந்தது, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டிய ஆண்டில். சித்திரை வெயிலில் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் போகிற வண்டிகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டு. மந்தைவெளியில் எங்கள் தெருவில் பதினெட்டு வீட்டில் ஐந்தில்தான் அடுப்பு எரிந்தது. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து மாமா வாரம் ஒரு கடிதம் எழுதினார், இரண்டு பொம்பளைகள் அங்கே என்ன செய்கிறீர்கள், புறப்பட்டு வாருங்கள் என்று. அம்மா டிரங்குப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். நான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

எனக்கு வயது பத்தொன்பது. பயிற்சி முடித்து, பக்கத்துக் கன்னியர் பள்ளியில் தற்காலிகமாகக் கணக்கு டீச்சர் வேலை. பாளையங்கோட்டைக்குப் போனால் மாமா வீட்டில் மாவாட்டிக்கொண்டு, அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும். மாமா நல்லவர்தான், ஆனால் அவர் காட்டும் மாப்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கரும்பலகையும் சாக்குக்கட்டியும் வேண்டும், சாயங்காலம் சாந்தோம் கடல்காற்று வேண்டும். அம்மா கடைசியாக ஒரு கெடு வைத்தாள். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்குள் வேலை நிரந்தரமானால் இருப்போம், இல்லையென்றால் ரயில்.

மே மாதம் பள்ளித் தலைவியான மதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பாட்டு வகுப்பு நடத்திய சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி ஊரைவிட்டுப் போய்விட்டார், திரும்பி வரமாட்டார் என்று கடிதமும் வந்துவிட்டது. அந்த இடம் காலி. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும், இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்துச் சரி என்றால் நிரந்தரம் என்று எல்லாம் விளக்கிவிட்டு, மதர் கேட்டார்.

"கோயில்ல உன்னைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். உனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமில்ல?"

"தெரியும் மதர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. மதர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதைப் புரட்டிக்கொண்டே நடந்தேன். கன்னியாஸ்திரீயிடம் பொய் சொன்ன பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பொய் ஜூலை மாதம் நாற்பது பெண்களுக்கு முன்னால் பல்லை இளிக்கப் போகிறதே என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு எழுதிய புத்தகம் அது. கடைசி அட்டையின் உட்புறத்தில் மட்டும் ஒரு பக்கம் விளக்கம் போட்டிருந்தார்கள். பியானோக் கட்டைகளின் படம், எந்தக் கோடு எந்தக் கட்டை என்று காட்டுகிற அம்புகள், புள்ளிகளின் வடிவங்கள், எது எவ்வளவு நேரம் என்ற கணக்கு. இங்கிலீஷ் எனக்குத் தடையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று புரியவில்லை. ஆர்மோனியக்காரரிடம் கேட்கலாமென்றால் அவரும் கும்பலோடு திருச்சிக்குப் போய்விட்டார்.

மிச்சமிருந்த ஐந்து வீடுகளில் ஒன்று எங்களுக்கு அடுத்த வீடு. மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்துக்குப் போய்விட, பாங்கியில் வேலை பார்த்த கணவனுக்குச் சமைத்துப்போட மருமகள் மட்டும் நின்றிருந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் மடிசார் கட்டிவிட்டதால் தெருவுக்கே மாமி. நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னை டீச்சர் என்பாள். கல்யாணச் சீரோடு வந்த ஆர்மோனியம் ஒன்று அவள் வீட்டில் இருந்தது. மாமியாருக்குச் சத்தம் ஆகாது என்று இரண்டு வருடமாகத் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள். மாமியார் ரயிலேறிய மறுநாள் மத்தியானம் அது பேச ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவள் புத்தகத்தை வாங்கி, பருப்பில் கல் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தாள்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஐந்து கோட்டையும் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய சுழி இருந்தது. அதை ஒட்டி நடுக்கோட்டின்மேல் இங்கிலீஷ் b மாதிரி ஒரு சின்னக் குறியும் இருந்தது.

"டீச்சர், இவாளும் பிள்ளையார் சுழி போட்டுண்டுதான் ஆரம்பிக்கறா" என்றாள் மாமி. "நாம ஒரு தடவைதான் போடறோம். இவா வரிக்கு வரி போடறா பாருங்கோ."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டில் கடிதம் எழுதினாலும் உச்சியில் சின்னதாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவோம். வெள்ளைக்காரனுக்கும் அப்படி ஒன்று இருக்காதா? சுழி இருந்தால் பக்கத்தில் ஓர் அலங்காரமும் இருக்கும். இரண்டு மதத்துக்காரிகளும் மனமொத்து, பக்தியோடு அந்தக் குறிகளைத் தாண்டிப் போனோம்.

மற்றபடி நாங்கள் முட்டாள்தனமாக வேலை செய்யவில்லை, அதை நான் அடித்துச் சொல்வேன். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருவோம். புள்ளி கோட்டின்மேல் உட்கார்ந்தால் ஒரு சுரம், இரண்டு கோட்டுக்கு நடுவில் உட்கார்ந்தால் அடுத்த சுரம். இப்படியே மாறி மாறி ஏணிப்படி மாதிரி ஏறும். சரிகமபதநி என்று நம்மிடம் ஏழு, அவர்களிடமும் ஏழு, எட்டாவது மறுபடி முதல் பெயர். மாமிக்கு இது நிரம்பப் பிடித்துவிட்டது. நம் எழுத்து சுரத்தின் பெயரைச் சொல்கிறது, இவர்கள் எழுத்து ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணுக்குக் காட்டுகிறது, பாடத் தெரியாதவனுக்கும் பாட்டின் உருவம் தெரிந்துவிடுகிறதே என்று ஒரு நாள் முழுக்க வியந்துகொண்டிருந்தாள்.

நேரக் கணக்கை நான் பிடித்தேன். வெறும் முட்டைக்கு நான்கு எண்ணிக்கை. முட்டைக்குக் காம்பு முளைத்தால் இரண்டு. உள்ளே கறுத்துவிட்டால் ஒன்று. காம்பில் வால் தொங்கினால் அரை. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பாட்டின் தலைப்பில் நாலின்கீழ் நாலு என்று போட்டிருந்ததைப் பார்த்து, விடை ஒன்று என்றேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, குறுக்குக் கோடுகளுக்கு நடுவில் இருந்ததை எண்ணச் சொன்னாள். எங்கே எண்ணினாலும் நான்கு வந்தது. ஆதி தாளத்தில் பாதி என்று சொல்லித் தொடையில் தட்டிக் காட்டினாள்.

படகைப் பற்றிய ஒரு சின்ன இங்கிலீஷ் பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். எது 'ச' என்பதில்தான் மூன்று நாள் போயிற்று. முதல் கோடுதான் 'ச' என்றேன் நான். மாமி ஒப்பவில்லை. பாட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் 'ச'வில் வந்துதான் உட்காரும், கடைசிப் புள்ளியைப் பாருங்கள் என்றாள். கடைசிப் புள்ளி அடியிலிருந்து முதல் இடைவெளியில் இருந்தது. அட்டைப் படத்தின் அம்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஆர்மோனியத்தில் நாலு கட்டைச் சுருதி. அதை 'ச'வாக வைத்து, படத்தில் காட்டியபடி வெள்ளைக் கட்டைகளாகவே மேலே வாசித்துக்கொண்டு போனாள். பாதியிலேயே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இது கல்யாணியாச்சே. அச்சு அசல் கல்யாணி."

அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். எனக்கு ராகம் தெரியாது. 'ம' இரண்டு வகை, தாழ்ந்த 'ம' வந்தால் சங்கராபரணம், அதையே அரைப்படி ஏற்றிவிட்டால் கல்யாணி, மற்ற ஆறும் ஒன்றுதான் என்று இரண்டையும் பாடிக் காட்டினாள். நானும் கூடவே பாடி, இரண்டு 'ம'வையும் தொண்டையில் ஏற்றிக்கொண்டேன். கடல் தாண்டி இருக்கிறவனுக்கும் கல்யாணி தெரிந்திருக்கிறதே என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அவள் வீட்டில் சொஜ்ஜி கிண்டினாள். இத்தனை கச்சிதமாகப் பொருந்தியதைச் சந்தேகப்பட எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஜூலையில் பள்ளி திறந்தது. நாற்பது பேர் இருந்த வகுப்பில் இருபத்தெட்டுப் பெண்கள்தான் திரும்பி வந்திருந்தார்கள். கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு, முட்டை, காம்பு, வால் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தாளம் தட்டவைத்தேன். ஒரே வாரத்தில் படகுப் பாட்டு பளிச்சென்று வந்துவிட்டது. கூடம் பெருக்குகிற ஆயாகூடத் துடைப்பத்தோடு நின்று கேட்டாள். "இன்னா டீச்சரம்மா, நாலு நாளா ஒரே பாட்டா கீது. நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, அதையே முணுமுணுத்துக்கொண்டு பெருக்கினாள். நான் தெரியும் என்று சொன்னது பொய் என்பதே எனக்கு மறந்துபோக ஆரம்பித்தது.

இன்ஸ்பெக்டரம்மா ஆகஸ்டு முதல் வாரம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சேலை, காதில் ஒன்றுமில்லை, மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். மதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் முதல் தடவை பாடியபோது இன்ஸ்பெக்டரம்மா விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி போட்டது. பாடி முடிந்ததும் எழுந்துபோய்க் கூடத்து மூலையிலிருந்த பள்ளிக்கூடப் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கித் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பாடுங்கள், நான் கூட வாசிக்கிறேன் என்றார்.

முதல் வரி சேர்ந்தே போயிற்று. இரண்டாம் வரியில் பாட்டு 'ம'வைத் தொட்டபோது பியானோ ஒன்று சொல்லிற்று, இருபத்தெட்டுப் பெண்களும் வேறொன்று சொன்னார்கள். பல் கூசிற்று. மூன்றாம் வரியில் 'ம' மூன்று இடத்தில் வரும். மூன்று இடத்திலும் அதே கூச்சம். என் பெண்கள் அசையவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைக் கல்லுப்போலப் பிடித்துக்கொண்டு பாடினார்கள்.

பியானோ நின்றது. இன்ஸ்பெக்டரம்மா ஒரு கறுப்புக் கட்டையை மட்டும் இரண்டு முறை அழுத்தினார். என்னைக் கூப்பிட்டு, சுழிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குறியின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுக்கோட்டின்மேல் அந்தக் குறி. நடுக்கோடுதான் எங்கள் 'ம'. அலங்காரம் ஒன்றுமில்லை, இந்தக் கோட்டில் வருகிற சுரத்தை அரைப்படி இறக்கு என்று வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறோம்.

"சுழியோட சேர்ந்த அலங்காரம்னு நினைச்சேன் அம்மா" என்றேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்பது வருடம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், மதரிடம் தெரியும் என்று சொன்னது பொய் என்பதையும், அட்டைப் பக்கத்தையும் பக்கத்து வீட்டு மாமியையும் ஆர்மோனியத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. பெண்கள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாளையங்கோட்டை ரயிலின் ஊதல் என் காதில் கேட்டது.

இன்ஸ்பெக்டரம்மா என்னை விட்டுவிட்டு மதரைப் பார்த்துப் பேசினார்.

"யார்கிட்டயாவது கேட்டுப் படிச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது மதர். காது சரியாத்தான் பிடிச்சிருக்கும். எழுதியிருக்கிறதைக் கண்ணால படிக்கிறவளுக்குத்தான் இது வரும். நாலு இடத்திலேயும் ஒரே மாதிரி, ஒரு தடவைகூடத் தடுமாறாம வந்திருக்கு பாருங்க."

பிறகு என்னிடம் திரும்பி, அரைமணி நேரம் இருக்கிறது, திருத்து பார்க்கலாம் என்றார்.

கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். சுழிக்குப் பக்கத்தில் அந்தக் குறியைப் பெரிதாக வரைந்தேன். பெண்களுக்கு இரண்டு 'ம'வையும் பாடிக் காட்டினேன், முதலில் தாழ்ந்தது, பிறகு ஏறினது, மறுபடி தாழ்ந்தது. மாமி என் தொண்டையில் ஏற்றியிருந்தது அப்படியே இருந்தது. பழக்கப்பட்ட இடத்தை விட்டு இறங்க அவர்களுக்குச் சிரமமாக இருந்தது, இரண்டு தடவை பழையபடியே ஏறிவிட்டார்கள். மூன்றாம் தடவை இறங்கினார்கள். இன்ஸ்பெக்டரம்மா பியானோவில் கைவைத்தார். இந்தத் தடவை முதல் வரியிலிருந்து கடைசிவரை கூசவில்லை.

எல்லோரும் போன பிறகு மதர் என்னைக் கூடத்திலேயே நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

"மே மாசம் நீ சொன்னது பொய். அதைப் பாவசங்கீர்த்தனத்தில சாமியார்கிட்ட சொல்லிக்கோ. இப்ப கேக்கறேன். உனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமா?"

இந்தத் தடவை யோசித்தேன்.

"தெரியும் மதர். அந்த ஒரு குறி மட்டும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

மதர் தலையை ஆட்டிவிட்டு, நிரந்தரம் செய்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட அடுத்த நாள் ஆபீசுக்கு வரச் சொன்னார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மந்தைவெளிவரை ஓடியே வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தெருவே காலியாக இருந்ததால் பார்த்தவர்களும் அதிகமில்லை.

முதலில் மாமி வீட்டுக்குத்தான் போனேன். கேட்டுவிட்டு அவள் முகம் வாடிவிட்டது. அப்போது கல்யாணி இல்லையா என்றாள். சங்கராபரணம் என்றேன். ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து, குறியில் சொல்லியிருந்தபடி கறுப்புக் கட்டையைத் தொட்டு முழுப் பாட்டையும் வாசித்தாள். வாசித்து முடித்து, "இதுவும் நன்னாத்தான் இருக்கு டீச்சர்" என்று ஒப்புக்கொண்டாள். அப்புறம் இருவருக்கும் பிள்ளையார் சுழி ஞாபகம் வந்துவிட்டது. பாங்கியிலிருந்து வந்த அவள் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்ன ஆயிற்று என்று கேட்டார். நாங்கள் சுழியைக் காற்றில் வரைந்து காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் அம்மா டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேலை நிலைத்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டாள். அவளிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கயிற்று முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டிக்குள் கையைவிட்டு, சேலைகளுக்கு அடியிலிருந்து கோயில் பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். முப்பது வருடம் அவள் பிடித்துக்கொண்டு நின்ற புத்தகம். விரல் ஓடி ஓடி வரிகளின் ஓரம் மங்கிப்போயிருந்தது.

"இது என்னடி?" என்று கேட்டாள். அவள் விரல் முதல் புள்ளியின்மேல் இருந்தது.

நான் அவள் விரலைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் நகர்த்தினேன்.

"முதல்ல இங்கேருந்து பாரும்மா" என்றேன்.